வலைக்குப் பின்னால் நின்ற பெண்ணின் தகப்பனார்

நல்ல கோச் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கரைத்துக் குடித்த ஒரு மனித இனம் உண்டு. கோச்சாக ஒரு நாள் கூட இருந்து பார்க்காததுதான் அந்த இனத்தின் முதல் தகுதி. மற்றபடி ஒரு மடக்கு நாற்காலி, அதன் கையில் காபி டம்ளர் செருக ஒரு ஓட்டை, மைதானத்தில் ஓடுகிற சொந்தப் பிள்ளை ஒன்று, இவை இருந்தால் போதும், ஞானம் தானாகச் சுரக்கும். லாங் ஐலண்டில் வசந்த காலம் பிறந்ததும் எந்த உயர்நிலைப் பள்ளியின் லாக்ரோஸ் மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கோட்டோரமாக இவர்கள் வரிசையாய் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பார்கள் என்றா சொன்னேன்? தப்பு. நாற்காலி கொண்டுவருவார்கள். உட்கார மாட்டார்கள்.

மாதிரிக்கு வாரன் கெஸ்லரை எடுத்துக்கொள்வோம். கராஜ் கதவு வியாபாரி. நல்ல மனிதர், நாய்க்குப் பயப்படுவார், மனைவி டெனிஸுக்கும் கொஞ்சம் பயப்படுவார். பள்ளி நாட்களில் அவர் இருந்தது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் அணியில். பந்தை ஏந்தி எறிய நுனியில் வலைப்பை கட்டிய லாக்ரோஸ் மட்டையை அவர் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கையில் பிடித்திருக்கிறார். அதுவும் கூரையோரத் தகரத்தில் அடைத்துக்கொண்ட இலைகளைத் தள்ளுவதற்கு. ஆனால் மகள் டெஸ் பள்ளி அணியில் சேர்ந்த அன்று சாயங்காலமே அவருக்கு ஆட்டத்தின் சகல நுணுக்கங்களும் பிடிபட்டுவிட்டன. எப்படி என்று கேட்காதீர்கள். அது அப்படித்தான்.

பெண்கள் அணியின் கோச் லின் ஒபர்மேயர் அதே பள்ளியில் உயிரியல் பாடம் எடுப்பவர். கடைசி மணி அடித்ததும் தவளைப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். அந்த அம்மாள் சத்தம் போட்டால், "பொம்பளைப் பிள்ளைங்களை இப்படியா விரட்டுறது?" என்பார் வாரன். சத்தம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், "தூக்கத்துல நிக்கிறாங்க பாரு, ஒரு துடிப்பு வேண்டாமா?" ஆட்டக்காரிகளை அடிக்கடி மாற்றினால் நம்பிக்கை இல்லாதவர். மாற்றாவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கிறவர். ஜெயித்தால்? "பிள்ளைங்க கெட்டிக்காரங்க, தானா ஜெயிச்சாங்க." தினமும் வலக்கையால் கொஞ்ச நேரம், இடக்கையால் கொஞ்ச நேரம் சுவரில் பந்தை எறிந்து பிடியுங்கள் என்று கோச் சொல்லி அனுப்பினால், "சுவத்துல பந்தடிக்க ஒரு கோச் எதுக்கு? சுவரே போதுமே." டெஸ் என்னவோ கோச் சொன்னபடி விடாமல் அடித்தாள், சுவருக்குப் பதில் வீட்டுக் கராஜ் கதவில். ஊருக்கெல்லாம் பளபளவென்று கராஜ் கதவு மாட்டிக்கொடுக்கிற மனிதரின் சொந்த வீட்டுக் கதவு அம்மைத் தழும்பு விழுந்த முகமாகிப் போயிற்று.

இவையெல்லாம் சில்லறை. வாரனின் நெஞ்சைத் தின்ற புண் வேறு. லாக்ரோஸில் வலைக்குப் பின்னாலும் ஆடுகளம் உண்டு. கோச், டெஸ்ஸைக் கொண்டுபோய் எதிரணியின் கோல் வலைக்குப் பின்னால் நிறுத்தினார். முன்னால் அல்ல, ஐயா, பின்னால்! வலைக்குப் பின்னால் நின்று யாராவது கோல் போட முடியுமா?

"ரூல் தெரியும்ல உனக்கு?" என்று டெனிஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "ஷாட் தப்பிப்போய் கடைசிக் கோட்டைத் தாண்டினா, அந்த நேரம் பந்துக்குக் கிட்ட எந்த டீம் பொண்ணு நிக்கிறாளோ அந்த டீமுக்குத்தான் பந்து. டெஸ் அங்க நிக்கிறதாலதான் தப்பினதெல்லாம் திரும்ப நம்ம கைக்கே வருது."

"அப்ப என் பொண்ணு பந்து பொறுக்கத்தான் லாயக்கா?"

"எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்குப்பா," என்றாள் டெஸ். "அங்க நின்னா எல்லார் முகமும் தெரியுது. கோச் என்னை நம்பித்தான் அங்க விட்டிருக்காங்க."

பிள்ளைக்கு என்ன தெரியும்? வாரன் கோட்டோரம் நின்று, "டெஸ், முன்னால போ! முன்னால போ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். கோச்சிடம் நேரே போய்ச் சண்டை போட வழியில்லை. ஆட்டம் முடிந்து ஒரு முழு நாள் கழியும் வரை பெற்றோர் யாரும் கோச்சிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். சூடு ஆறட்டும் என்று வைத்தது. வாரன் சட்டத்தை மதிப்பவர். ஆட்டம் முடிந்த கையோடு காரிலேயே மின்னஞ்சலை எழுதி முடித்து, மறுநாள் கெடு தீருகிற நிமிடத்தில் தானாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்துவிடுவார். சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியாதா என்ன?

இப்படியாக அரையிறுதி ஆட்டம் வந்தது. டெஸ்ஸுக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம். அவள் போய்ச் சேரப்போகிற நர்சிங் கல்லூரியில் லாக்ரோஸ் அணியே கிடையாது. ஜெயித்தால் இன்னும் ஒரு ஆட்டம். தோற்றால் அத்தோடு மட்டையை மாட்டிவிட வேண்டியதுதான். அன்று காலை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாரனுக்கும்தான், ஆனால் அவர் கவலை, மகள் ஒரு கோலாவது போடாமல் போய்விடுவாளோ என்பது.

ஆட்டம் முடியும் தறுவாய். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள், பந்து இவர்கள் கையில். டெஸ் வழக்கம்போல் வலைக்குப் பின்னால்.

"டெஸ்! முன்னால போடீ! முன்னால!"

"வாரன், உட்கார்," என்றாள் டெனிஸ்.

யாரும் நம்ப மாட்டீர்கள், டெஸ் முன்னால் வந்தாள். அதே கணம் அணித் தோழி ஒருத்தி பந்தைக் கோலுக்கு எறிந்தாள். அது வலைக்கம்பத்தை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. டெஸ் நிற்க வேண்டிய இடத்தில் புல்தான் இருந்தது. எதிரணியின் கோல் காவல்காரி ஓடிப்போய்க் கோட்டருகே மட்டையை நீட்டினாள். பந்து அவர்களுடையதாயிற்று. மிச்சமிருந்த நேரத்தை ஓடி ஓடியே கரைத்துவிட்டார்கள். விசில் அடித்தது.

பெண்கள் கோச்சைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பெற்றோர்கள் கொஞ்சம் தள்ளி, அலுமினியத் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்த பாஸ்தாவையும் இறைச்சி உருண்டைகளையும் சுற்றி நின்றார்கள்.

"கடைசியில நடந்தது என் தப்பு," என்று கோச் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "டெஸ்ஸை முன்னால வரச் சொன்னது நான்தான். தப்பான முடிவு. கோபம் வந்தா என் மேல வரட்டும். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

வாரனுக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்தில் இறைச்சி உருண்டையோடு நின்ற ஜீனோ பெட்ருச்சியின் விலாவில் இடித்தார். ஜீனோவின் பெண்ணும் அதே அணிதான்.

"கேட்டியா? அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க!"

"கேட்டேன்," என்றார் ஜீனோ. "நீ இத்தனை நாளா அதைத்தானேப்பா செய்யச் சொன்ன?"

"செய்யுற நேரம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் வாரன். இந்த இனத்தை நீங்கள் எந்தப் பக்கமிருந்தும் மடக்க முடியாது.

காரை டெனிஸ் ஓட்டினாள். வாரன் செல்போனில் மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"அப்பா, அதை அனுப்பாதீங்க," என்றாள் பின்சீட்டிலிருந்து டெஸ். "கோச் என்னை முன்னால வரச் சொல்லலை."

"நம்ம காதால கேட்டோமே?"

"பொய் சொன்னாங்க, எனக்காக. அங்கயே நில்லுன்னுதான் கையைக் காட்டினாங்க. முன்னால போன்னது நீங்க. எப்பவும் காதுல வாங்க மாட்டேன். இன்னிக்கு என்னவோ, நீங்க இவ்வளவு ஆசைப்படுறீங்களே, ஒரே ஒரு தடவைன்னு..." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அதான் என் கடைசி ஆட்டம்ப்பா."

வாரன் செல்போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். மகளைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறென்ன இருக்கிறது? சிவப்பு விளக்கில் கார் நின்றது. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று டெனிஸும் நினைத்தாள். வாயையும் திறந்தார்.

"சரி டெஸ், நான் கத்தினேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். நல்ல கோச்சா இருந்தா, நான் கத்துறது உன் காதுல விழாம பழக்கியிருக்கணுமா இல்லையா?"

சிரிக்கிறீர்களா? தாராளமாய்ச் சிரியுங்கள். நேற்று ராத்திரி சோபாவில் சாய்ந்துகொண்டு, "இவனுக்குப் போய் எவன்டா பௌலிங் கொடுத்தான்?" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியது யாரோ எனக்குத் தெரியாது. அதனால் நஷ்டமில்லை, அந்தக் கேப்டனுக்கு உங்கள் குரல் கேட்காது. பக்கத்து அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்கள் பிள்ளைக்குக் கேட்கும்.