சேவல் வரும் வரை

"உள்ள வராதே தம்பி!" என்று கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள் லியென். சொன்னது அதட்டல், முகத்தில் இருந்ததோ புன்னகை. ஆண்டின் முதல் நாள் காலையில் யாரையும் திட்டக் கூடாதே.

தூறலில் நனைந்தபடி வாசலில் நின்ற ஹென்ரிக், அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டென்மார்க்காரன். எல்லோரும் தூங்கும்போது எழுந்து ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விட்டான். இப்போது காலை எடுத்து வைத்தால், இந்தப் புத்தாண்டில் அந்த வீட்டுக்குள் வரும் முதல் ஆள் அவன்தான். முதலில் வருகிறவர் எப்படியோ, வருடமும் அப்படி.

போன வருடம் முதலில் வந்தவர் கணவனின் பெரியப்பா. அடுத்த மாதமே கடை வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். லியெனின் சூப் கடை ஐந்து மாதம் ஈ ஓட்டியது. இன்னொரு வருடம் அப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். அவர்கள் கணக்கில் ஆண்டுக்கு ஒரு விலங்கு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு சுற்று; லியென் பிறந்தது பாம்பு ஆண்டில். ஹென்ரிக்கின் பாஸ்போர்ட்டைப் பார்த்த அன்றே விரல் விட்டு எண்ணிவிட்டாள். பையன் பன்றி ஆண்டு. பாம்புக்கும் பன்றிக்கும் ஏழாம் பொருத்தம்.

முதல் ஆளாக வரும்படி அவள் சொல்லி வைத்திருந்தது இரும்புக்கடை துவானிடம். சேவல் ஆண்டுக்காரர், பாம்புக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. ஏழு மணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது மணி எட்டரை.

"ஏங்க, துவான் அண்ணனுக்குப் போன் போடுங்க!"

கணவன் கியெம் பேசிவிட்டு வந்தான். "நாலாவது வீட்ல இருக்காராம். எல்லா வீட்லயும் ஊத்திக் குடுக்கிறாங்களாம்."

ஹென்ரிக் தும்மினான். "அக்கா, நான் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?" பாடப்புத்தகத்தில் மொழி கற்றவன், அப்படித்தான் பேசுவான்.

"சேச்சே, நீ தங்கம்! பக்கத்து வீட்ல கொஞ்ச நேரம் உக்காந்திரு, போ."

போனான். பக்கத்து வீட்டுத் தாவ் அவனைப் பார்த்ததும் கதவைப் பாதி மூடினாள். அவள் வீட்டுக்கும் இன்னும் ஆள் வரவில்லை.

"லியென், உன் வீட்டுப் பன்னிய ஏண்டி என் வீட்டுக்குத் தள்ளி விடுற?" என்று சிரித்த முகத்தோடு கத்தினாள். பிறகு அவனிடம், "புத்தாண்டு வாழ்த்துகள் தம்பி!" என்று மீதிக் கதவையும் சாத்தினாள்.

எதிர் வீட்டிலும் அதே வாழ்த்து, அதே கதவு. சந்தின் கடைசி வரை போய் வந்த ஹென்ரிக், பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினான்: 'புத்தாண்டு அன்று வாழ்த்துச் சொல்லிக் கதவைச் சாத்துவது இவர்கள் மரபு.'

கியெமுக்கு மனசு கேட்கவில்லை. "வாசல் வழியா வந்தாத்தானே வம்பு? ஏணிய வச்சு பால்கனில ஏத்திடறேன். நீ கண்டுக்காதே."

ஹென்ரிக் ஆறடி நாலங்குலம். ஏணி பாதியில் வழுக்கியது. அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்; கம்பியோரம் இருந்த ஆரஞ்சுச் செடி தொட்டியோடு கீழே வாசலில் விழுந்து சுக்குநூறானது. மண்ணும் பழங்களும் கூடம் வரை உருண்டன.

முதல் நாளில் ஒரு கிண்ணம் உடைந்தாலே ஆகாது. லியெனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் நாளில் அழவும் கூடாது. கியெம் துடைப்பத்தை எடுத்தான்.

"வைங்க கீழ! இன்னிக்குப் பெருக்கினா இருக்கிற அதிர்ஷ்டமும் போயிடும்!"

"அப்ப அவன்? அவன் உள்ளயா, வெளியயா?"

"கால் இன்னும் அந்தரத்துலதான இருக்கு? அப்படியே தொங்கச் சொல்லுங்க!"

அந்த நேரத்தில்தான் சிவந்த முகத்தோடு தள்ளாடிக்கொண்டு துவான் வந்து சேர்ந்தார். மண்ணைத் தாண்டி உள்ளே காலை வைத்து, "கடை நெறஞ்சு வழியட்டும்!" என்றார். லியெனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, இருந்ததில் பெரிய கறித்துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தாள்.

"தம்பியை இப்ப இழுங்க!"

கியெம் மாடிக்கு ஓடி அவனைக் கம்பிக்கு உள்ளே இழுத்துப் போட்டான். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்த ஹென்ரிக், துவானுக்கு எதிரே பணிவாக உட்கார்ந்தான்.

"ஐயா, தங்களை அண்ணன் என்று அழைப்பதா, மாமா என்று அழைப்பதா? நான் பன்றி ஆண்டில் பிறந்தவன். தாங்கள்?"

துவான் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "ஆலையில வேலைக்குச் சேர ரெண்டு வயசு கூட்டிச் சொன்னதுலதான் நான் சேவல் ஆனேன், நெசத்துல நானும் உன்ன மாதிரி பன்னிதான்யா!"