ரொட்டிக்கு முன் வந்த அழைப்பு

வாயை மூடத் தெரியாதவன் வாழ்க்கையில் ஒரு தடவை மூடினால், அது மூடவே கூடாத நேரமாகத்தான் இருக்கும். எனக்கு அது மவுண்ட் ஆல்பர்ட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாய்த்தது.

அப்போது நான் வெளிநாட்டுக்கு வந்த புதிது; அதே நகரின் இன்னொரு பகுதியான ரானுயியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். மனைவி ஜெசிந்தா மன்னாரில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளை நேரில் பார்த்ததைவிட போனில் பார்த்ததே அதிகம். ஆனாலும் இரண்டு பேருக்குத்தான் சமைக்க வரும். மிச்சத்தை மறுநாள் தனியே தின்பேன். டப்பாவில் தினமும் பழைய குழம்பைக் கண்ட மிரியம், என்னோடு வேலை செய்த யூதப் பெண், மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த தன் வீட்டுக்கு, வெள்ளி மாலையில் தொடங்கும் ஓய்வுநாள் விருந்துக்குக் கூப்பிட்டாள்.

சாப்பாட்டுக்கு முன், இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். சிறுவயதில் தேவாலய மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கைகழுவும் சடங்கைக் குறைசொல்லிப் படித்ததெல்லாம் எனக்குள் பொங்கியது.

"இது கடவுள் கட்டளை இல்லையே? மனிதர் ஏற்படுத்திய வழக்கம்தானே?" என்றேன். (விருந்துக்கு வந்தவன் பேசுகிற பேச்சா இது?)

மிரியத்தின் கணவர் சிரித்தார். "ஆமாம், எங்கள் முன்னோர் ஏற்படுத்தியதுதான். கழுவினால் ரொட்டி சாப்பிடும்வரை பேசவும் மாட்டோம். நீங்கள் செய்ய வேண்டியதில்லை."

வெட்கம் தாங்காமல் நானும் கழுவினேன். அவர்களைவிட இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா வீடியோவில் அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, விசா வந்திட்டுது."

"ம்ம்."

"கேக்குதோ? நான் வரப்போறன்."

"ம்ம்ம்." கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் முகம் வாடியது. "நான் வாறது உங்களுக்குச் சந்தோசமில்லையோ?"

தலையைப் பலமாக ஆட்டினேன். அது ஆமாவா, இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. அவள் அழுதபடி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மிரியம்தான் முதலில் மௌனத்தை உடைத்தாள். "பேசித் தொலையேன். நாங்கள் திரும்பக் கழுவிக்கொள்வோம். பெண்டாட்டியை அழவைக்கச் சொல்லி எந்தக் கட்டளையும் இல்லை."

வாசலுக்கு ஓடினேன். பலமுறை அழைத்த பிறகே ஜெசிந்தா எடுத்தாள். எவ்வளவோ சொல்ல நினைத்தும், "எப்ப வாறீர்?" என்பது மட்டும்தான் வந்தது. அதற்கும் அழுதாள். நானும்தான். திரும்பி உள்ளே போனபோது, எனக்காக ரொட்டியை வெட்டாமல் வைத்திருந்தார்கள்.

இப்போதும் நான் ஏதோ யோசனையில் பதில் சொல்லாமல் நின்றால், மகள் தாயிடம் ஆங்கிலத்தில் கேட்பாள், அப்பா கை கழுவிவிட்டாரா என்று.

"ஓம்," என்பாள் ஜெசிந்தா, "இன்னும் ரொட்டி வரேல்லை."