ஏழாம் பாகத்துக்காக நான் அழுதது

சினிமா பார்த்துவிட்டு வந்து மைக் முன்னால் நின்று அழுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் மட்டமான அபிப்பிராயம் இருந்தது. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைப்பேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் நானே அப்படி அழுதேன். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் குடத்தோடு.

அழுததற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'நீர்க்கப்பல்' என்று தமிழில் டப்பிங் செய்து வந்த விண்வெளிப் படவரிசை அது. ஏதோ ஒரு கோளில் நூறு வருடமாக மழை இல்லை. அங்கே கொண்டுபோய் இறக்குவதற்காக ஒரு கடலையே பனிக்கட்டியாக உறையவைத்து, பெரிய கப்பல் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, ஓரின் என்ற பெண் வானத்தில் ஓட்டி வருகிறாள். வழியெல்லாம் கொள்ளைக்காரர்கள். ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருவர் அந்தத் தண்ணீருக்காக உயிரை விடுவார். இப்படியே ஆறு பாகம், பதினெட்டு வருடம். முதல் பாகம் வந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஆறாம் பாகம் வந்தபோது அதில் நரை தட்டியிருந்தது. ஓரினுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. (அதையும் நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.)

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மானாவாரிக் காடு. வேறு ஊர்க்காரர்கள் அந்தப் படத்தில் சண்டைக் காட்சிகளைப் பார்த்தார்கள். நாங்கள் லோடு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தோம். நான் வேறு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. வண்டி எங்கே நிற்கிறது, சரக்கு நனைந்துவிட்டதா, தார்ப்பாய் கிழிந்துவிட்டதா என்று கவலைப்படுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கப்பலின் கவலையையும் பதினெட்டு வருடமாகச் சேர்த்துப் பட்டேன்.

எனக்குத் துணை சிக்கந்தர். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனும் நானும் சேர்ந்து பதினான்கு பேரைக் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினோம். ஏழாம் பாகந்தான் கடைசி, கப்பல் வந்து சேர்ந்துவிடும் என்று செய்தி வந்தபோது, வீட்டில் விசேஷம் போல அந்தக் குழுவே பரபரத்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீசில் பேங்க் வேலை என்று சொல்லி அரைநாள் லீவு போட்டேன். என் மனைவி செல்வராணி, டவுனுக்குத்தானே போகிறீர்கள், திரும்பும்போது ஒரு குடம் வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். படம் முடிந்தால் குடம் நினைவிருக்காது என்று எனக்கே தெரிந்ததால், போகும்போதே வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிவிட்டுச் சிக்கந்தரோடு உள்ளே போனேன்.

படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டரை மணி நேரம் ஓட்டி, கப்பலைக் கோளில் இறக்கினார்கள். ஜனங்களெல்லாம் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு இல்லை. ஓரின் மெதுவாக இறங்கி வந்து, ஒரு கிழவியின் நெஞ்சில் கை வைத்து, "தண்ணீர் எப்போதும் உங்கள் உள்ளத்தில்தான் இருந்தது" என்கிறாள். உடனே அந்த ஜனங்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டுகிறார்கள்! வழியில் சரக்கைத் தொலைத்துவிட்டு வந்த வண்டிக்கு எங்கள் ஆபீசில் யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

தியேட்டரில் பின்வரிசையில் யாரோ ஒருவர், "அப்ப அந்த இன்ஜினியர் எதுக்குச் செத்தாரு?" என்று கேட்டார். ஐந்தாம் பாகத்தில் தொட்டியின் ஓட்டையை அடைக்கப் போய் இறந்த கிழட்டு இன்ஜினியரைத்தான் சொன்னார். நியாயமான கேள்வி. சிக்கந்தர், கடையைத் திறக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டான். போகிற போக்கிலேயே குழுவிலிருந்தும் விலகிவிட்டான். குழுவில் இருந்த காரியாபட்டி விரிவுரையாளர் ஒருவர், படம் அற்புதம், அந்தக் காலித் தொட்டி ஒரு குறியீடு என்று எழுதியிருந்தார். குறியீட்டை ஊற்றி உலை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இந்த நிலைமையில் ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். வண்டியை நகர்த்தக் குடம் இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றிக் கையில் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து மைக்கும் செல்போனுமாக ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, படம் எப்படி சார் என்று கேட்டாள்.

நான் நல்லா இல்லைம்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எவ்வளவோ பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்குக் கண் நிறைந்தது. நான்கு நிமிடம் பேசினேன். அதில் நடுவே இது வந்தது:

"பதினெட்டு வருசமா தண்ணி வருது, தண்ணி வருதுன்னாங்க. நாங்களும் நம்பிக் காத்துக் கெடந்தோம். தொறந்து பாத்தா வெறுந்தொட்டி. கேட்டா, தண்ணி ஒங்க உள்ளத்துல இருக்குங்கிறாக. உள்ளத்துல இருக்கிற தண்ணிய நான் எந்தக் குடத்துல பிடிக்க?"

சொல்லிவிட்டுக் கையில் இருந்த குடத்தைத் தூக்கிக் காட்டி, குலுங்கிக் குலுங்கி அழுதேன். பின்னால் தியேட்டரும் தெரியவில்லை, போஸ்டரும் தெரியவில்லை. ஒரு செங்கல் சுவர்தான் தெரிந்தது.

நான்கு நிமிடத்தையும் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? யாரோ ஒரு புண்ணியவான் அந்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை காலையில் அது எங்கள் ஊர்க் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்து நாற்பது நாளாகியிருந்தது. பெண்கள் பக்கத்து ஊர்க் குழாய்க்கு நடந்துகொண்டிருந்தார்கள். மனுக் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செல்வராணியும் தினமும் நடந்தாள், பழைய குடம் ஓட்டையானதே அதனால்தான். நான்? நான் கப்பலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா வந்தார். ஊரில் யாருக்கும் லேசில் நல்ல பெயர் கொடுக்காத மனுசி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைக ஒருத்தனுக்கும் எங்க கஷ்டம் தெரியலைன்னு நெனச்சேன் தம்பி. நீங்க அழுததப் பாத்துட்டு நானும் அழுதுட்டேன்" என்றார்.

வாயில் பற்பசை இருந்தது. துப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டது. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் விட்டார்கள். செல்வராணி கேட்காமலே முட்டை பொரித்து வைத்தாள். நான் சினிமாவுக்குப் போனது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வீடியோவையும் சினிமாவையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. சினிமாவுக்காக ஒரு மனுசன் அப்படி அழுவான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை நரிக்குடியிலிருந்து என் மாமனார் பஸ்ஸேறி வந்துவிட்டார். மறியல், மனு, முற்றுகை என்றே வாழ்நாளைக் கழித்தவர். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒன்பது வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டார். மூத்த மகளுக்கு ஓரின் என்று பெயர் வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, இவனுக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டி, குலசாமி பெயரை வைக்கச் செய்தவர். அப்படிப்பட்டவர் என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, "ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன் மாப்ள" என்றார். திங்கட்கிழமை திருச்சுழி ரோட்டில் மறியல் என்றும், நான்தான் பேச வேண்டும் என்றும் அவரே முடிவு செய்திருந்தார்.

அன்றைக்கு ராத்திரி நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே கூசுகிறது. கண்ணாடி முன்னால் நின்று, குடத்தை எந்தக் கையில் தூக்கினால் எடுப்பாக இருக்கும் என்று பழகிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் ரோட்டில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. இரண்டு பஸ் நின்றுவிட்டது. நான் வெள்ளை வேட்டி சட்டையில் நடுவே இருந்தேன், பக்கத்தில் மாமனார். சற்று நேரத்தில் ஒன்றிய ஆபீஸ் ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது இருக்கும். நேராக என்னிடம் வந்து, "நீங்கதான் அந்த வீடியோவுல பேசுனவரா?" என்று கேட்டார். நான் குடத்தோடு எழுந்து நின்று, ஆமாம் என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.

"பதினெட்டு வருசமா தண்ணி வரலைன்னு சொல்லியிருக்கீங்க. இந்தத் தொட்டி கட்டியே ஆறு வருசந்தான ஆகுது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செல்போனை எடுத்து, ஜீப்பில் இருந்த ஒலிபெருக்கியின் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து, முழு வீடியோவையும் போட்டுவிட்டார்.

நான்கு நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நான்கு நிமிடம் வேறு இல்லை. திருச்சுழி ரோட்டில் என் குரல் கரகரவென்று ஒலித்தது. ஓரின் பேர் வந்தது. கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஐந்தாம் பாகத்து இன்ஜினியருக்காக நான் மூக்கைச் சிந்திய சத்தம் தனியாகக் கேட்டது. கடைசியில் இதுவும் வந்தது: "எம் மகளுக்கு ஓரின்னு பேரு வைக்கக் கூடாதுன்னு எங்க மாமனாரு தடுத்தாரு. அன்னைக்கு அவரத் திட்டுனேன். இன்னைக்கு அந்த மனுசன் காலத் தொட்டுக் கும்பிடணும்."

மாமனார் என் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்திருந்தால்கூடத் தேவலை. செல்வராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை அவளே சொல்லவில்லை. நின்றுபோன பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் சிரித்தன.

அதிகாரி, இது சினிமா விவகாரம், எல்லாரும் எந்திரிச்சுப் போங்க என்றார். எனக்கும் போகத்தான் ஆசை, காசி வரைக்கும்.

அப்போது பாண்டியம்மாள் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அவரு சினிமாவுக்கு அழுதாரோ, கிறுக்குப் பிடிச்சு அழுதாரோ, அத அவுக வீட்ல பேசிக்கிருவாக. நான் எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியும். தொட்டி காலியாத்தான இருக்கு? மோட்டாரு எப்ப வரும், அதச் சொல்லுங்க."

ஒருவரும் எழவில்லை. எழுந்து நின்ற ஒரே ஆள் நான்தான். மெதுவாக உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்த அதிகாரி எங்கெங்கோ போன் போட்டு, புதன்கிழமைக்குள் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். புதன்கிழமை மோட்டார் வந்தது. அந்தப் பெண்மணியை நான் குறை சொல்ல மாட்டேன். புதன்கிழமை அவர் திரும்ப வந்து நிற்கும்போது தொட்டியில் தண்ணீர் இருந்தது. அந்த நேர்மை ஓரினுக்கு இல்லை.

மாமனார் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டு டிவி முன்னால் நாற்காலியைப் போட்டு, அப்படி எதுக்குத்தான் அழுதீக, போடுங்க பாப்போம் என்றார். ஒரு நாளைக்கு இரண்டு பாகம் வீதம் மூன்று நாள் பார்த்தார். இன்ஜினியர் இறந்த இடத்தில் எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். நான்காம் நாள் அவரையும் ஏற்றிக்கொண்டு போய் ஏழாம் பாகத்தைக் காட்டினேன். வெளியே வந்ததும், "நீங்க கொறச்சுத்தான் பேசியிருக்கீக மாப்ள" என்றார். அன்றிலிருந்து நாங்கள் நெருக்கமாகிவிட்டோம். ஆக, படம் எடுத்தவர்கள் எனக்கு ஒரு மாமனாரைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக மன்னித்துவிட முடியுமா? முடியாது.

எனக்கு நேர்ந்த அநியாயம் வேறு. செல்வராணியின் சொந்தத்தில் யாரோ எனக்குத் 'தண்ணி மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நரிக்குடியில் ஆரம்பித்து எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான் இருமல் மருந்தைக்கூட யோசித்துக் குடிக்கிறவன். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, மண்டபத்துக்குப் பின்னால் வரச் சொல்கிறார்கள்.

போன ஆவணியில் என் மச்சினன் கல்யாணம். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல மனுசன், என்னைத் தனியாக அழைத்துப் போய் உட்காரவைத்தார். உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன் தம்பி, பொம்பளைப் பிள்ளை இருக்கிறது, இனியாவது அதை விட்டுவிடுங்கள் என்று உருக்கமாகச் சொன்னார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் மாமனார் முந்திக்கொண்டார்.

"அவரு விட்டாலும் நான் விட மாட்டேன்யா. ஏழோட நிப்பாட்டுனா மனசு ஆறுமா? எட்டாவது வருதாம், நானும் மாப்ளையும் காலையிலேயே போயிருவோம்."