பத்து மொட்டையும் ஒரு கையெழுத்தும்

என் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பதை நாற்பது வயதுவரை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் என் மச்சினன் செல்வம் இன்றைக்கு அரசாங்க வேலையில் இருந்திருப்பான்.

நான் பேஸ்பால் ஆடியவன். கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு இது எப்படி ஒட்டியது என்று கேட்பார்கள். எங்கள் விளையாட்டு வாத்தியார் எங்கிருந்தோ ஏழு கையுறைகளும் இரண்டு மட்டைகளும் வாங்கி வந்தார், ஒட்டிக்கொண்டது. ஆடுகிறவர்கள் ஒன்பது பேர், கையுறை ஏழு. (மீதி ரெண்டு பேரு வெறுங்கையில பிடிச்சோம். எனக்கு இன்னைக்கும் இடது சுண்டுவிரல் மடங்காது.) மைதானமோ சரிவு. முதல் பேஸுக்கு இறக்கத்தில் ஓடலாம், மூன்றாவதிலிருந்து திரும்பி ஏறுவதற்குள் மூச்சு முட்டும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் ஆட்டம் பந்தைத் தேடுவதோடு சரி.

பதினாறு வருடம் மாவட்ட அணியில் ஆடினேன். சரியாகச் சொன்னால், அணியில் இருந்தேன். மாநிலப் போட்டிக்குப் போவோம், முதல் ஆட்டத்தில் தோற்போம், பரோட்டா தின்றுவிட்டு மலையேறிவிடுவோம். இத்தனை வருட உழைப்புக்கு என்னிடம் மிஞ்சிய அத்தாட்சி ஒரு பத்திரிகைத் துண்டு. அதிலிருக்கும் அணிப் படத்தில், பின்வரிசையில், இன்னொருவன் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிவது நான். அதை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தேன்.

முழங்கால் போனதும் என்னை மேனேஜராக்கினார்கள். வெளிநாட்டில் பேஸ்பால் மேனேஜர் என்றால் ஆட்டத்தையே நடத்துகிறவர். நம்மிடம் பஸ்ஸில் தலை எண்ணி, பைல் தூக்குகிறவர். நான் என்னை வெளிநாட்டு ரகம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வருடத்து மாநிலப் போட்டிதான் மேனேஜராக எனக்கு முதல் பயணம். செல்வம்தான் எங்கள் கேட்சர், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் கவசம் கட்டிக் குந்திப் பந்து பிடிக்கிறவன். என் மனைவியின் தம்பி, அணியில் உண்மையாகவே ஆடத் தெரிந்த ஒரே ஆள். மாநிலப் போட்டியில் களமிறங்கிய சான்றிதழ் ஒன்றிருந்தால் அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முந்தின வருடங்களில் போட்டி வந்தபோதெல்லாம் பூண்டு அறுவடையும் கூடவே வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருடம். வெள்ளனே கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "நீங்க செயிக்க வேணாங்க. அவன எறக்கி விட்டுட்டு வாங்க, போதும்."

எனக்கோ ஜெயிக்க வேண்டியிருந்தது. பெருமாள்மலை தாண்டிப் பழனிக்கு இறங்கும்போது பஸ்ஸிலேயே அறிவித்தேன்: ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் அணி மொத்தமும் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டியிருக்கிறேன், அதை இன்றைக்கே முடித்துவிடுவோம்.

"செயிச்சப்புறம் தானங்க மொட்டை?" என்றான் ஒருவன்.

"ஏலே, முருகனையே காக்க வைக்கிறியா?"

செல்வம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், பைல்ல இருக்க போட்டோவுல எல்லாரும் முடியோட இருக்கோமே."

"ஆட்டத்தப் பாப்பானா, மண்டையப் பாப்பானா? நீ வா மாப்ள."

ஒன்பது ஆட்டக்காரர்கள், ஒரு மேனேஜர். பத்துத் தலையும் வழித்துச் சந்தனம் பூசிக்கொண்டோம்.

மறுநாள் காலை, போட்டி நடந்த ஊர் மைதானத்தில் போட்டி நிர்வாகி பைலைத் திறந்தார். சாந்தமான மனிதர். படங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுல யாருங்க யாரு?" என்றார். எதிரணிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"இவங்கதான் அவங்கன்னு மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. எறக்கிருவோம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. இரண்டு வரி. எனக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ.

"பதினாறு வருசம் ஆடுனவன் நான். என் வாய் வார்த்த போதாதா? நான் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியலையேங்க," என்றார். நக்கல் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை.

பத்திரிகைத் துண்டைக் காட்டினால் வாயடைத்துப் போவார் என்று நினைத்தேன். பர்ஸ் தங்கியிருந்த அறையில் கிடந்தது. செல்வம் கால் கவசமெல்லாம் கட்டிக்கொண்டு எதிரே வந்தான். "மச்சான், எழுதிக் குடுத்துருங்க. வெரசா. நேரம் போகுது."

"நீ சும்மா இரு மாப்ள, இது மரியாதப் பிரச்சனை."

அந்த முழங்காலோடு அறைக்கு ஓடினேன். (ஓடுனேன்னு நான் சொல்றேன். பாத்தவங்க நொண்டுனேன்னு சொல்றாங்க.) திரும்பி வந்தபோது எதிரணி கைகுலுக்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடத்துக்குள் களமிறங்காத அணி தோற்றதாகக் கணக்கு. அது விதி, எனக்கும் தெரிந்த விதி. அப்போதும் நான் விடவில்லை, துண்டை நீட்டினேன். நிர்வாகி மரியாதையாக வாங்கிப் பார்த்தார்.

"இதுல நீங்க யாருங்க?"

"பின்னால. அந்தப் பாதி முகம்."

படத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "இதுல முடி இருக்கேங்க," என்றார்.

களமிறங்காத அணிக்குச் சான்றிதழ் கிடையாது. செல்வம் தரையில் உட்கார்ந்து கவசத்தின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அவன்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். திரும்புகிற வழியில் பெருமாள்மலையில் டீக்கு இறங்கினோம். அங்கே அவன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு கையெழுத்து தான மச்சான்."

வீட்டில் கதவைத் திறந்த என் மனைவி எங்கள் இருவர் தலையையும் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "செயிச்சுட்டீங்களா?" என்றாள்.

செல்வம் இப்போது தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். வருகிற படிவங்களில் எல்லாம் நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், வீட்டில் அது ஒரு வேடிக்கை. என் மகனுக்குப் பழனியில் முதல் மொட்டை போட்டபோது தாய்மாமன் என்ற முறையில் செல்வத்தின் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தோம். கத்தி தலைக்கு வந்ததும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தான்.

"மேனேஜரே, இவன் இவன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொறவு செரைக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் அவன் ஜீப்பில் முருகன் படத்துக்குக் கீழே இன்றும் ஒட்டியிருக்கிறது. ஏறுகிறவர்கள் என்னவென்று கேட்டால் முழுக் கதையையும் சொல்வான், வண்டியே குலுங்கச் சிரிப்பார்கள். கதையில் வேலை கைநழுவுகிற கட்டம் வரும்போது மட்டும், மேடு இல்லாத இடத்திலும் கியர் மாற்றுவான். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தெரியும்.