பைண்டருக்குக் குடல்வால் ஆபரேஷன்

கதவுக்கு வெளியே அச்சகத்து ஆட்களின் குரல் கேட்டதும், பைண்டர் தன் மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாவி ஏறிப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். ஆபரேஷன் ஆன மகராசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று புளுகி லீவு வாங்கியிருந்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, சினைப்பையையும் குழாயையும் புத்தகத்துக்கு அட்டை ஒட்டுவதுபோல் ஒட்டிவைத்திருந்தது. மாதாமாதம் அவள் சுருண்டு துடித்ததும், கல்யாணமாகி இத்தனை வருஷம் மடி காலியாக இருந்ததும் அதனால்தான். நேற்று டாக்டரம்மா சிறு துளை வழியாகக் கருவி விட்டு, ஒட்டியதைப் பிரித்து, சினைப்பையில் இருந்த கட்டியையும் எடுத்துவிட்டார். இனி நம்பிக்கை உண்டு என்றார். அவரைக் கும்பிட்டுக் கும்பிட்டே பைண்டருக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

மனைவி கேட்டது ஒன்றுதான்: யாருக்கும் தெரியக் கூடாது. குழந்தைக்காக ஆபரேஷன் என்று ஊருக்குத் தெரிந்து, பிறகும் கரு தங்காமல் போனால், அந்தப் பார்வைகளை அவளால் தாங்க முடியாது.

ஃபோர்மேனும் மெஷின்காரரும் பழப்பையோடு வந்தார்கள். எங்கே வலி என்று மெஷின்காரர் விசாரித்தார். பைண்டர் இடப்பக்கத்தைப் பிடித்தான். குடல்வால் வலப்பக்கமல்லவா என்றார் அவர். கை வலப்பக்கம் போயிற்று.

"வலி சுத்திச் சுத்தி வருதுண்ணே."

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் தையல் இழுக்கும். அவள் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து மெஷின்காரர் உருகிப்போனார்.

"அழாத தங்கச்சி, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. கீழ போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா, மனசு லேசாகும். ரெண்டு மாடிதானே."

அவளும் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தாள். அவ்வளவுதான், பைண்டர் கட்டிலிலிருந்து குதித்தான்.

"நீ அசையக் கூடாது. நான் போறேன்."

போர்வை காலில் சுற்ற, வெளியே ஓடினான்.

"நேத்து வயித்தைக் கிழிச்சுக்கிட்டவனா இவன்?" என்றார் மெஷின்காரர்.

அச்சகத்தில் யாரும் சிரித்துப் பார்த்திராத ஃபோர்மேன், பின்னாலேயே வந்து மாடிப்படியில் அவன் தோளைப் பிடித்தார். வேலை போனாலும் போகட்டும், அவள் ரகசியம் போகக் கூடாது என்று பைண்டர் மறுபடி வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின்காரனை நான் சமாளிச்சுக்கறேன். ரெண்டு வருஷம் முன்னால எனக்குக் கிட்னியில கல்லுன்னு லீவு போட்டேனே, அதை எடுத்ததும் இதே ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான். அந்தக் கல்லுக்கு இப்ப ரெண்டு பல்லு முளைச்சிருக்கு."