மண் இணைப்பு உண்டு

சுடர்க்கோட்டை என்ற நாட்டை வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே வீட்டுக்கு வீடு கரண்ட் உண்டு. சுவருக்குச் சுவர் ஷாக்கும் உண்டு. ஆட்கள் செத்தார்கள். மன்னர் கண்ணீர் விட்டு, வீடுதோறும் மின்பரிசோதனை நடத்த ஆணையிட்டார். அதுவரை நல்ல ஆணைதான்.

வினை ஒரு சொல்லில் வந்தது. கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் 'எர்த்' அந்நியச் சொல் என்று மொழி அமைச்சர் அதை 'மண் இணைப்பு' என்று மாற்றினார். அழகான சொல், யார் இல்லையென்றது? ஆனால் பரிசோதனை தொடங்கியதுமே பாதித் தெரு, "எங்களுக்கு மண் இணைப்பு இல்லீங்க" என்றது. அறிக்கை அரண்மனைக்குப் போனது.

"இந்த மண்ணின் சோற்றைத் தின்றுவிட்டு, மண்ணோடு இணைப்பே இல்லையாமே!" என்று மன்னர் கொதித்தார்.

மண் இணைப்பு இல்லை என்பவர் தேசத்துரோகி என்று அடுத்த ஆணை பிறந்தது. அன்றே நாடு முழுவதும் மண் இணைப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் வாயைத் திறக்குமுன் "உண்டு, உண்டு" என்றார்கள். அதிகாரிகள் கதவில் 'பாதுகாப்பான வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சான்று பெற்ற வீட்டில் மெயின் ஸ்விட்சை அணைப்பது அரச அவமதிப்பு என்று அதற்கு முத்திரை வைத்தார்கள். மண்ணுக்கு மரியாதையாக வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். ரப்பர் செருப்பை நம்பி உயிர் பிழைத்தவர்களுக்கு அதுவும் போச்சு.

கனகவல்லியின் வீட்டிலும் எர்த் இல்லை. அவளுடைய மகள் மங்கை தலைப்பிரசவத்துக்கு வருகிறாள்; மழை பெய்தால் வாசலின் இரும்புக் கதவு ஆளைத் தூக்கி எறிகிறது. பரிசோதனைக்கு வந்த ஆய்வாளர் பொன்னுரங்கத்தின் காலில் விழாத குறை.

"அண்ணே, எர்த்து கெடையாதுண்ணே. டெஸ்டர வச்சுப் பாத்துட்டு ஏதாச்சும் செய்ங்க. புள்ளத்தாச்சி வர்றா."

பொன்னுரங்கம் தெருவை இருபுறமும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. எங்க வீட்லயும் கெடையாது" என்றார். பிறகு 'உண்டு' என்று எழுதி, மெயினுக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

பெற்ற மனம் சும்மா கிடக்குமா? கனகவல்லி கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, தானே எர்த் போட இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய தேசபக்தர். காவலர்கள் வந்து அவளைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அரசுக்குத் தெரியாமல் மண்ணோடு தனிப்பட்ட தொடர்பு வைத்துக்கொண்டாள் என்பது குற்றச்சாட்டு.

அரசவையில் அவள் கதறினாள். "எந்தத் தண்டனை வேணும்னாலும் குடுங்க சாமி. சாயங்கால பஸ்ஸுல எம்மக வந்து எறங்கியிருப்பா. மழை வேற கொட்டுது. கதவத் தொடாதேன்னு யாராச்சும் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"சான்று பெற்ற கதவைப் பற்றி வதந்தியா?" என்று மொழி அமைச்சர் சீறினார். "ஆய்வாளரே, அந்த வீட்டுக்கு மண் இணைப்பு உண்டா?"

பொன்னுரங்கம் கனகவல்லியைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"உண்டு, மகாபிரபு."

அந்த நேரம் பார்த்து ஊர் முழுவதும் கரண்ட் போயிற்று. சபை இருண்டது. அமைச்சர்கள் விளக்கு, விளக்கு என்று கூச்சலிட்டார்கள். கனகவல்லி மட்டும் கைகூப்பினாள். "அப்பாடா! ஆத்தா, கரண்டு வராம இருக்கட்டும். எம்புள்ள வீட்டுக்குள்ள போறவரைக்குமாவது வராம இருக்கட்டும்."

இருட்டில் மன்னரின் குரல் முழங்கியது. "அஞ்சாதீர்கள், மக்களே! நம் ஆட்சியில் இருளுக்கு இடமில்லை. இதோ, இப்போதே வரும்!"

"வேண்டாம் சாமி! வேண்டாம்!"

விளக்குகள் எரிந்தன. சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பொன்னுரங்கமும் தட்டினார்.