தேதிக் கட்டுக்கு அடியில் தண்ணீர்

கடவுள் படைத்த எதிலும் கலர் சரியாக விழவில்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் பத்து பர்சன்ட் அண்ணாச்சிதான். திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் படங்களின் நிறத்தைத் திருத்துவது அவர் வேலை. நான் அங்கே கட்டிங் மெஷினில் நிற்பவன்.

எந்தப் படத்தைக் காட்டினாலும், "பச்சையில பத்து பர்சன்ட் கூட்டணும்" என்பார். இல்லையென்றால், "செவப்புல பத்து பர்சன்ட் கொறைக்கணும்." இதைப் படத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கேசரித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மஞ்ச பத்து பர்சன்ட் கம்மி" என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் அதற்குப் பிறகு கேசரியைத் தொடவில்லை. கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் என் தங்கை இன்றுவரை அண்ணாச்சிக்குக் கேசரி வைப்பதில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் சூரியன் மறைவதைப் பார்த்து, "ஓவரா அடிச்சுட்டான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே ஒரு படத்தை மட்டும் அவர் திருத்தவே மாட்டார். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்; வருடா வருடம் ஏதாவது ஒரு அட்டையில் வந்துவிடும். அண்ணாச்சிக்கு ஊர் மல்லாங்கிணறு, வானம் பார்த்த பூமி.

"பொய்ப் படம் தம்பி இது. தரையிலயே தண்ணி நிக்கல, மலையில நிக்குமா? எவனோ கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சிருக்கான். பொய்க்கு என்னத்தத் திருத்த?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், சீசன் நன்றாக முடிந்த சந்தோஷத்தில் முதலாளி பழைய ஆட்கள் எட்டுப் பேரைப் பாலித் தீவுக்குக் கூட்டிப்போனார். கிளம்பும்போது ஒரு கேமராவை அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"நெட்ல எடுத்த படத்துக்கு ஒருத்தன் வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டான் அண்ணாச்சி. அந்த மாதிரி வயல் அங்க இருக்காம், நீங்களே எடுத்துருங்க. ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் போடுறப்ப தினசரி காலண்டர்ல மொத அட்டை அதுதான்."

முப்பது வருடமாக அடுத்தவர் எடுத்த படத்தையே திருத்திக்கொண்டிருந்தவர் அவர். "வீடு வீடா என் படம் தொங்கப்போவுது தம்பி" என்று என்னிடம் ஏழெட்டுத் தடவை சொன்னார். விமானத்தில் பணிப்பெண் வந்து பையை மேலே வைக்கச் சொன்னபோது, "கைக்குழந்தம்மா, மடியிலயே இருக்கட்டும்" என்றார்.

அங்கே வேனை விட்டு இறங்கி, துணிக்கடைகளையும் படம் எடுத்துக்கொள்ளக் கட்டியிருந்த ஊஞ்சல்களையும் தாண்டி நடந்தோம். சட்டென்று தரை முடிந்துவிட்டது. கீழே ஒரு பள்ளத்தாக்கு. எதிர்ச் சரிவு முழுக்க வயல், வயலுக்குக் கீழே வயல். ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதித்தது மாதிரித் தண்ணீர். மேல் வரப்பில் வழிந்தது கீழ் வயலில் விழும் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள்.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் செருப்பைக் கழற்றினார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"தெரியல தம்பி."

பைண்டிங் முருகன் சும்மா இருப்பானா? "அண்ணாச்சி, பச்சை எம்புட்டுக் கூட்டணும்?"

"வாய மூடுலே" என்றார், திரும்பாமலே. "நெசந்தாம்லே இது. மனுசன் வெட்டி வச்சிருக்கான்."

பிறகு படம் எடுக்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை. தினசரி காலண்டர் அட்டையில் கீழ்ப்பாதியைத் தேதிக் கட்டு மறைத்துவிடும். அதனால் அண்ணாச்சி கேமராத் திரையின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேல்பாதியை மட்டும் பார்த்தார். மேலே தென்னைமரமும் வானமும்தான் இருந்தன. வயலும் தண்ணீரும் கைக்கு அடியில் போய்விட்டன. வரப்பில் ஏறினார், இறங்கினார், சேற்றில் ஒரு தடவை உட்கார்ந்தும்விட்டார். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"எங்கன நின்னாலும் தண்ணி கட்டுக்கு அடியில போயிருது தம்பி" என்றார்.

மூன்று மணி நேரம் போனது. வெயில் அவர் முதுகுப் பக்கம் சாய்ந்தது. வேன்காரன் ஹாரன் அடித்தான். அண்ணாச்சி திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுசையும் பார்த்து ஒரே ஒரு படம் எடுத்தார்.

முதலாளிக்கு அந்தப் படம்தான் பிடித்தது. "கட்டுக்கு அடியில மட்டும் வெள்ளையா விட்டுருங்க. மை எதுக்கு வீணா?" என்றார்.

அச்சாகி என் மெஷினுக்கு வந்த தாள்களில் வெள்ளையே இல்லை. கடைசி வயல்வரை அடித்திருந்தது. முதலாளி ஒரு தாளை உருவிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? கட்டுக்கு அடியில யாரு பார்க்கப்போறா?"

"டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி பார்ப்பாக மொதலாளி."

"அன்னைக்குக் கழத்திக் குப்பையில போட்டுருவாகய்யா!"

"போடுறதுக்கு முந்தி ஒரு தடவ பார்ப்பாகல்ல?"

அண்ணாச்சி முதலாளியை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். முதலாளி அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெஷின்காரரிடம், "ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தாள்களை ஆயிரக்கணக்கில் வெட்டியவன் நான். ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை. வெட்டுக்கோட்டைத் தவிர வேறு எதிலும் எங்கள் கண் போகாது.

போன டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி வீட்டில் கடைசித் தாளைக் கிழித்தேன். வயல், வயலுக்குக் கீழே வயல், எல்லாவற்றுக்கும் கீழே நாற்று நடாத ஒரு வயலில் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நீளமாக ஒரு நிழல். இரண்டு கையையும் முகத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒரு காலைச் சேற்றில் சரித்து நின்றது.

உடனே போன் போட்டேன். "அண்ணாச்சி, கடைசி வயல்ல உங்க நெழலு விழுந்திருக்கு."



"அழிக்க ஒரு நிமிசம் ஆவாது தம்பி. மனசு வரல. வேற யாரும் சொல்லல, நீங்கதான் பார்த்திருக்கீக... நல்லா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

இந்த வருடக் காலண்டருக்கு வேறு ஆணி அடித்தேன்.